‘ஸ்வீப்’ சொல்ல வராத நாக்கு

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789இல் எழுதிய புகைபோக்கிச் சிறுவன் கவிதையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். அம்மா இறந்துவிடுகிறாள், அப்பா பிள்ளையை விற்றுவிடுகிறார். இனி வீட்டுப் புகைபோக்கிக்குள் ஏறிக் கரியைத் துடைப்பதுதான் பிள்ளைக்கு வேலை. லண்டன் தெருவில் ‘ஸ்வீப், ஸ்வீப்’, அதாவது ‘பெருக்கு, பெருக்கு’ என்று கூவி வேலை கேட்க வேண்டும். பிள்ளைக்கு நாக்கு திரும்பவில்லை. ‘வீப், வீப்’ என்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘அழு’ என்று அர்த்தம். மழலையே ஒப்பாரியாகிவிட்டது. என் மகளுக்கு நாலு வயது, இன்னும் ‘ர’ வராது. அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் டாம், அதே கவிதையில் அதே வேலைக்கு வந்த சின்னப் பையன். ஆட்டுக்குட்டி முதுகு போலச் சுருண்ட முடியை மழிக்கும்போது அழுகிறான். மொட்டை அடித்துவிட்டால் உன் வெள்ளை முடியில் கரி ஒட்டாதுடா என்று தேற்றுவதும் இன்னொரு பிள்ளைதான். பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. இங்கிலாந்தில் பையன்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவது நிஜமாக நின்றது 1875 சட்டத்துக்குப் பிறகு. கவிதை வந்து 86 வருடம்.