பட்டியலின் முதல் பெயர்

"மாவட்டம் என்ன மாசத்துக்கு ஒண்ணா பொறக்கப் போகுது?"

2018-இல் நான் கேட்டது இது. கேட்டது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணிடம். உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஜாங்கோவில் (இணையதளங்கள் எழுத உதவும் ஒரு மென்பொருள் கட்டமைப்பு) எழுதிய படிவம் அது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் பட்டியலுக்கு அன்றிருந்த 32 பெயர்களையும் மாடலிலேயே, அதாவது தரவின் அமைப்பைச் சொல்லும் நிரலிலேயே, சாய்ஸஸ் என்று எழுதி, ஆளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு கொடுத்திருந்தேன். வேலூருக்கு விஎல். யாரும் மாற்றாமல் விட்டால் சென்னை என்று டிஃபால்ட்டும் வைத்தாயிற்று. "இதை டேட்டாபேஸ்ல தனி டேபிளா வச்சா அப்புறம் மாத்த ஈஸியா இருக்குமேண்ணா" என்றாள். அதற்குத்தான் அந்தப் பதில்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எந்த மாவட்டம்ண்ணா?" என்றாள்.

"அரியலூர்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ"தான் இன்னும் காதில் இருக்கிறது.

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூரை மூன்றாகப் பிரிப்பதாக அறிவிப்பு வந்தது. நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் மாவட்டங்களாகிவிட்டன. கூடவே தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு.

பெயர் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஏற்கெனவே விஎல் என்று கிடக்கிறவர்களில் யார் அரக்கோணம், யார் ஆம்பூர், யார் குடியாத்தம்? அதுதான் பிரச்சினை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புது வேலூருக்கு வேறு குறியீடு கொடுத்து, பழைய விஎல்லைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால்? அந்த விண்ணப்பங்களைத் திறக்கும்போது பெயருக்குப் பதில் வெறும் கோடு வரும், அலுவலகத்தில் கேட்டுச் சரியானதைத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கோடு வரவில்லை. மாடலில் டிஃபால்ட் இருந்தால் ஜாங்கோ அந்த வெற்றுக் கோட்டைப் பட்டியலில் சேர்க்காது. அது எனக்குத் தெரியும், அன்று ஞாபகம் வரவில்லை. சென்னை வருவது புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான்; பழையதில் பொருந்தும் பெயர் இல்லாவிட்டால் பிரவுசர் பட்டியலின் முதல் பெயரைக் காட்டி நிற்கும். அகர வரிசையில் முதல் பெயர் அரியலூர். போன் நம்பர் மாற்றத் திறந்து சேமித்த ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் எங்கள் ஊர்க்காரர் ஆனார்கள். அரியலூர் செல்லுபடியாகும் பெயர்தானே, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அலுவலகத்து அம்மா ஒருவர் போனில், "என்ன சார், அரியலூர்ல திடீர்னு இத்தனை பசங்க?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். பின்கோடு 635-இல் தொடங்குகிறது, மாவட்டம் அரியலூர். ஆம்பூர்ப் பையன். பழைய பேக்கப்பை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அவளும் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனி டேபிள் வைத்திருந்தால் இது நடந்திருக்காதா? நடந்திருக்கும் என்றுதான் பல நாள் எனக்கு நானே வாதாடினேன். டேபிளிலும் பழைய வேலூரை மறைத்து, டிஃபால்ட்டை விட்டு வைத்திருந்தால் இதே கதைதான். பிரிந்த மாவட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்பதை எந்த டேபிளும் சொல்லாது. இந்த வாதத்தில் தப்பில்லை. ஆனால் டேபிளாக இருந்திருந்தால் வேலூரைத் தொடும்முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனோ என்னவோ.

உறுத்துவது வேறு. நான் 1984-இல் ஜெயங்கொண்டத்தில் பிறந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர். 2001-இல் அரியலூர். 2002-இல் செலவைக் காரணம் காட்டித் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி அரியலூர். பத்தாம் வகுப்பு ஒரு மாவட்டம், பிளஸ் டூ ஒரு மாவட்டம், கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது மறுபடி பழைய மாவட்டம். எங்கள் வீடு ஓர் அடி நகரவில்லை. இந்த வாய்தான் மாவட்டம் மாறாது என்று சொன்னது. இதெல்லாம் தெரிந்துதான் அவள் ஊரைக் கேட்டாளா, சும்மா கேட்டாளா? கேட்க வாய் வரவில்லை. இப்போது அவள் வேறு கம்பெனியில் இருக்கிறாள்.

போன வாரம் இன்னொரு படிவத்துக்கு ரத்த வகை எழுதினேன். மாடலிலேயே, எட்டுப் பெயர். இது கூடவா மாறும் என்றுதான் கை ஓடியது. அந்த எட்டில் அடங்காத, பாம்பே வகை என்ற அரிய ரத்த வகை ஒன்று இருப்பது சேமித்த பிறகு ஞாபகம் வந்தது. இன்னும் சேர்க்கவில்லை.