அவிழ்க்காமல் விட்ட கம்பி

"தம்பி, இந்தக் கம்பிய எப்ப அவுப்பீங்க?" என்றுதான் அந்த அக்கா கேட்டார், கையில் மிளகுக்கொடி கட்டுகிற நாரோடு. நான் ஏணி மேல் இருந்தேன். "முடிஞ்சதும் அவுத்துடுவோம்க்கா" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மூன்று வருடமாக அது மனதை விட்டுப் போகவில்லை.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில், ஒரு கலைஞரின் படைப்புக்காக, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே எவர்சில்வர் தகடுகளைத் தொங்கவிடும் வேலை அது, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெட்டி வாங்கிய 36 தகடுகள். பனிமூட்டம் இறங்கினால் மரம் எது, தகட்டுக்குள் தெரிகிற மரம் எது என்று பிரிக்க முடியாது. அந்த அழகை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்டு வெளியே தெரியக்கூடாது, தகடு அந்தரத்தில் நிற்கணும் என்றார் அந்தக் கலைஞர். அகலமான வார்ப்பட்டை போட்டு இடையில் கட்டை கொடுத்தால் மரத்துக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். அப்புறம் கட்டுக்கம்பிக்கே சரி என்றுவிட்டேன்.

அடிமரம் வருடா வருடம் பருக்கும். இலையில் உண்டாகும் உணவு மரப்பட்டையின் உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது, கம்பி இறுகினால் முதலில் அடைபடுவது அந்த வழி. இத்தனைக்கும் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-ல் தொடங்கிய 7,000 மரங்களைப் பற்றி விளக்கியவனே நான்தான்: ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒரு கல், கல் அப்படியே நிற்கும், மரம் அதைத் தாண்டி வளரும், அந்த வளர்ச்சிதான் படைப்பு என்று.

கழற்றிய அன்று நல்ல மழை. வண்டி காத்திருந்தது, ஆட்களுக்கு ஒரு நாள் கூலிதான் பேசியிருந்தது. தகடுகளை இறக்கினோம், மரத்தைச் சுற்றிய கம்பிகளை விட்டுவிட்டோம். எஸ்டேட் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காபிக்கு நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், என்றைக்காவது பலகைக்கு வெட்டப்போவதுதானே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது பொய்யில்லை. ஆனால் அவுத்துடுவோம் என்று சொன்ன வாய் என்னுடையது.

போன மாதம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். பெரும்பாலான கம்பிகளை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டு மரங்களில் மட்டும் பட்டை இருபுறமும் உதடு மாதிரி தடித்துக் கம்பியை மூடியிருந்தது. குறடு வைத்தேன், பட்டை பிய்ந்தது, விட்டுவிட்டேன். மரம் பச்சையாகத்தான் நிற்கிறது, ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்த அக்காவைத் தேடவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

அதே மரத்தில் மிளகுக்கொடி தன் வேராலேயே பற்றி ஏறியிருந்தது. அதற்குக் கட்டியிருந்த நார் மக்கிப்போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது.