ஏரிச் சிற்றுண்ணி, ஓடைச் சிற்றுண்ணி: ஆய்வக நாட்குறிப்பு

மே 14

வட ஜெர்மனி, ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். ஏரிக்கரை மணலிலும், அதே ஏரியிலிருந்து வெளியேறும் கூழாங்கல் ஓடையிலும் வலை போட்டோம். தேடுவது ஹைக்ரோபேட்டஸ் நிக்ரோமாகுலேட்டஸ். 1879இல் லெபர்ட் பெயரிட்ட இந்த நன்னீர்ச் சிற்றுண்ணி ஏரி, ஓடை இரண்டிலும் வாழ்வதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சி.ஓ.ஐ. மரபணு, உட்கருவிலுள்ள 28எஸ் மரபணுவின் டி2 பகுதி, உடல் அமைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, ஓடையில் இருப்பது தனி இனம் என்று நிறுவியது. பெஸ்ஸெலிங் 1942இல் இட்ட செட்டோசஸ் என்ற பெயர் அதற்கு உரியதாயிற்று. ஏரி நீர் ஓடையாக மாறும் வாய்ப்பகுதியில் எது கிடைக்கும் என்பதே எங்கள் கேள்வி.

வலைக்கண் 250 மைக்ரான். வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அதற்கு முன்னால் கற்களைக் காலால் கிளற வேண்டும். வண்டலை வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சற்றுப் பொறுத்தால் சிற்றுண்ணிகள் தாமாக நகரத் தொடங்கும். உயிரோடு பொறுக்குவதே நல்லது. மொத்த வண்டலையும் எத்தனாலில் போட்டுவிட்டால், நிறமிழந்து அசையாமல் கிடக்கும் ஒரு மில்லிமீட்டர் உடலைக் குப்பையிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

மே 15

ஒரு நாள் சுத்தமான நீரில் பட்டினி. இவை கொசுபோன்ற கைரோனோமிட் ஈக்களின் புழுக்களைப் பிடித்து உறிஞ்சுபவை; வயிற்றில் இரை இருந்தால் அதன் டி.என்.ஏ.வும் கூடவே பெருகும். பிறகு நிறமும் புள்ளிகளும் தெரியும்படி உயிருடன் படம் எடுத்துவிட்டு, 96 சதவீத எத்தனாலில் இட்டோம். மறுநாள் எத்தனாலை மாற்றியாக வேண்டும், உடல் நீர் கலந்து செறிவு குறைந்திருக்கும்.

சிற்றுண்ணி உடலைப் பதப்படுத்தும் கோனிக்கே திரவத்தில் (கிளிசரின் 5 பங்கு, நீர் 4, அசிட்டிக் அமிலம் 1) நேரடியாக இட்டால் உடல் மென்மையாக, மூட்டுகள் வளைய, அழகாக இருக்கும். ஆனால் அமிலம் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். எத்தனாலில் டி.என்.ஏ. பிழைக்கும், உடல் விறைத்துச் சுருங்கும். இரண்டும் ஒரே உடலிலிருந்து வேண்டுமென்றால் எத்தனால் முதலில், கோனிக்கே கடைசியில்.

மே 18

உடலை அரைக்கவே கூடாது. பக்கவாட்டு மென்தோலில் நுண்ணூசியால் ஒரு துளை. கால்கள் பொருந்தும் காக்சா தகடுகளையும் இனப்பெருக்கத் தகட்டையும் தொடாமல். 180 மைக்ரோலிட்டர் கரைப்புத் திரவம், புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே 20 மைக்ரோலிட்டர், 56 டிகிரியில் இரவு முழுக்க. காலையில் உள்ளே இருந்த தசையெல்லாம் கரைந்து, வெறும் கூடு கண்ணாடிபோல் மிதக்கும். திரவத்தை எடுக்கும்போது பிப்பெட் முனையில் கூடு ஒட்டிப் போவதுண்டு. ஆகவே நுண்ணோக்கியின் கீழ் வைத்தே எடுக்க வேண்டும். டி.என்.ஏ.வைக் கடைசியில் 50 மைக்ரோலிட்டரில் வடித்தால் போதும். 200இல் வடித்தால் நீர்த்துப் போய், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். தோற்கும்.

சி.ஓ.ஐ. பகுதியைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் துண்டுகளான பிரைமர்கள்: எல்.சி.ஓ.1490, எச்.சி.ஓ.2198. இணைப்பு வெப்பநிலை 45 டிகிரியில் 5 சுற்று, பிறகு 51 டிகிரியில் 35 சுற்று. ஜெல்லில் 700 கார இணைகளை ஒட்டி ஒரே பட்டை வர வேண்டும்.

மே 20

கூடுகள் கோனிக்கே திரவத்தில் மென்மையாகிவிட்டன. ஹைக்ரோபேட்டஸ் பேரினம் என்பதற்கு அடையாளம்: முதல் இணைக் காக்சாக்கள் ஒன்றோடொன்றும் வாயுறுப்போடும் ஒட்டியிருப்பது, வாயருகே உள்ள உணர்காலான பால்ப்பின் இரண்டாம் கணுவில் கீழ்நோக்கிய புடைப்பும் அதில் சிறு பற்களும். பெண்ணில், அசெட்டாபுலம் எனும் சிறு வட்டங்களைத் தாங்கும் தகடுகள் இனப்பெருக்கத் துளையின் இருபுறமும் தனித்தனியே நிற்கும். ஆணில் ஒன்றிணைந்து துளையைச் சூழும். அசெட்டாபுலம் இரண்டே இணை இருந்தால் அது டியூட்டோநிம்ஃப், அதாவது முதிராத இளநிலை. இனம் காணும் திறவுகோல் நூலில் அதற்குப் பெயர் தேட வேண்டாம், சி.ஓ.ஐ. வரிசை எனும் பார்கோடுதான் அதை வளர்ந்தவற்றோடு சேர்த்துவைக்கும்.

பால்ப்பைக் கழற்றிக் கிளிசரின் ஜெல்லியில் பக்கவாட்டில் கிடத்தி, ஐந்து கணுக்களின் மேல்விளிம்பு நீளத்தையும் அளந்தோம். மூடுகண்ணாடிக்கு அடியில் கண்ணாடித் துண்டுகளை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால்ப் நசுங்கித் திரும்பும். நான்காம் கணு இருப்பதைவிடக் குட்டையாகத் தெரியும். இனத்தைப் பிரிக்கும் அளவே அங்கே கெட்டுப்போகும்.

மே 27

டி.என்.ஏ. வரிசைகள் வந்தன. பிரைமரை நீக்கினால் 658 காரங்கள். தரவுத்தளத்தில் தேடுமுன் முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணையில் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தோம். பொது அட்டவணையில் டி.ஜி.ஏ. நிறுத்தக் குறி, இங்கே டிரிப்டோஃபேன். அட்டவணை மாறினால் நல்ல வரிசையும் குப்பையாகத் தெரியும். சரியான அட்டவணையிலும் நடுவே நிறுத்தக் குறி வந்தால், உட்கருவுக்குள் புகுந்த போலிப் பிரதி என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு மாதிரியில் கைரோனோமிட் வந்தது, இன்னொன்றில் வோல்பாக்கியா பாக்டீரியா. இரண்டையும் விலக்கினோம்.

மீதி இரண்டு கொத்துகளாகப் பிரிந்தன: ஏரி மணல் ஒருபுறம், ஓடை மறுபுறம். வாய்ப்பகுதி மாதிரிகள் இரண்டு கொத்திலும் இருக்கின்றன. தரவுத்தளம் தரும் பெயரை இங்கே அப்படியே எடுக்க முடியாது. செட்டோசஸ் பிரிக்கப்படும் முன் ஓடையில் பிடித்தவை பழைய பெயரிலேயே பதிவாகியிருக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் பிடித்த இடத்தையும், கூடு பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே பெயர் எழுதுகிறோம். கூடு இல்லாத வரிசையை யாராலும் திருத்த முடியாது.

மே 29

சி.ஓ.ஐ. தாய்வழி மட்டும் வருவது. இரண்டு இனமும் ஒரே வாய்ப்பகுதியில் இருந்தால் கலப்பு நடக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆகவே வாய்ப்பகுதி மாதிரிகளின் டி.என்.ஏ. மிச்சத்தில், தாய் தந்தை இருவழியிலும் வரும் 28எஸ் டி2 பகுதிக்கு பி.சி.ஆர். போட்டிருக்கிறோம். கூட்டின் எண், வில்லை எண், டி.என்.ஏ. குழாய் எண் மூன்றும் ஒரே எண்.