தேக்காவில் எங்கள் கடைவீட்டுக்கு ஓடு மாற்றிய கதை

அந்த டிசம்பர் மழையில் அம்மாவின் கட்டில் மூன்று முறை இடம் மாறியது. ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர் பக்கம், அங்கிருந்து கூடத்துக்கு, கடைசியில் படியிறங்கிக் கீழே கடையின் பின்கட்டுக்கு. எழுபத்தெட்டு வயதில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவர் படுத்திருந்ததைப் பார்த்த பிறகு, கூரையை மாற்றாமல் இன்னொரு மழைக்காலத்தைப் பார்க்கக் கூடாது என்று தம்பியும் நானும் முடிவெடுத்தோம்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில், டன்லப் ஸ்திரீட் பக்கம் இருக்கிற இரண்டு மாடிக் கடைவீடு. கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் ஐந்தடிப் பாதை என்கிற கூரையிட்ட நடைபாதை, நடுவே வானம் தெரிகிற சின்ன முற்றம். இரண்டு பக்கமும் அண்டை வீடுகளோடு சுவர் ஒட்டியிருக்கும். தாத்தா வாடகைக்கு வந்து, அப்பா வாங்கிய வீடு.

தம்பி ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தான். கூரைக்குத் தகரம், முன்பக்கத்துக்கு அலுமினியச் சறுக்கு ஜன்னல், மூன்றே வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றார் அவர். அனுமதி வேண்டாமா என்று கேட்டதற்கு, இடிக்கவில்லையே, இருப்பதை மாற்றுகிறோம், அவ்வளவுதானே என்றார். நாங்களும் நம்பினோம். முதல் நாளே முன்பக்கத்து மர ஜன்னல்களில் நான்கு கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஐந்தடிப் பாதையில் நின்று பார்த்துவிட்டு, "அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். அவர் வீட்டுக்கு ஓடு மாற்ற அவர் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அன்றைக்கே வேலையை நிறுத்தினோம்.

லிட்டில் இந்தியா 1989-ல், பழைய கட்டடங்களைக் காக்கிற பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் அதே ஆண்டில்தான். இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வேன். ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகளை அன்றிரவு உட்கார்ந்து படித்தபோதுதான், பாதுகாப்புப் பகுதிகளிலும் வகை உண்டு என்பதே புரிந்தது. எங்கள் பெரியப்பா மகன் சிங்கப்பூரின் இன்னொரு பாதுகாப்புப் பகுதியான ஜூ சியாட்டில் இருக்கிறார். அவர் கடைவீட்டின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் உயரமாகப் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கிறார். அவருக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று தம்பி வாதாடினான். ஜூ சியாட் வேறு வகை, அங்கே பின்பகுதிக்கு அந்தத் தளர்வு உண்டு. லிட்டில் இந்தியா வரலாற்று வட்டாரம். இங்கே முழுக் கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும். விதிகளிலேயே கடுமையான வகை இதுதான்.

விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட முடியாது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் வரைபடங்களோடு சமர்ப்பிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கட்டடக் கலைஞர் பழைய கடைவீடுகளில் நிறைய வேலை செய்தவர். வந்ததும் கூரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கழற்றிய ஜன்னல் கதவுகள் எங்கே?" என்பதுதான்.

பின்சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று இருந்தன. நான்காவதைக் காணோம், குப்பை லாரியில் போயிருக்க வேண்டும். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கதவின் கீலையும் கொண்டியையும் தடவிப் பார்த்தார். மேலே பச்சைச் சாயம் உரிந்திருந்ததே தவிர, மரம் திடமாக இருந்தது. சாய்பலகைகளில் ஏழெட்டுதான் உளுத்திருந்தன. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியம் வைக்கத்தான் பணம் கொடுக்க இருந்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

முடிந்தவரை இருப்பதைத் தக்கவை, இழந்ததைப் பழையபடி மீட்டெடு, பழுதைக் கவனமாகச் சரிசெய். ஆணையத்தின் விதிகள் எல்லாம் இந்த மூன்றில் அடங்கும். இதை முகப்புக்கான விதி என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவதுதானே வெளிப்புறம்? கட்டடக் கலைஞர் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார்: ஓடு, ஜன்னல், தூண், ஐந்தடிப் பாதை. பென்சில் நிற்கவில்லை. பொதுச்சுவர், மேல்தளத்து உத்தரங்கள், மரப்படி, முற்றம், பின்கட்டு. எல்லாமே காப்பாற்ற வேண்டியவைதான். முற்றத்தை மூடி அம்மாவுக்குக் கீழேயே ஓர் அறை எடுக்கலாம் என்ற எண்ணம் அந்த நிமிடமே போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வீட்டில் நமக்கு என்னதான் மிச்சம் என்று தோன்றியது.

பொதுச்சுவரை அவர் காட்டிய பிறகு என் நினைப்பு கொஞ்சம் மாறியது. உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். எங்கள் உத்தரம் உட்காருகிற அதே சுவரில்தான், மறுபக்கத்திலிருந்து, பெரியவர் வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஓட்டில் ஒழுகிய தண்ணீர் அந்தச் சுவரின் தலைக்குள் இறங்கி, இரண்டு வீட்டு மரத்தையும் நனைத்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வீடு தனியாக நிற்பதில்லை. தெரு முழுக்க ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிறது.

முதல் முறை கொடுத்த விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான். கழற்றுவதற்கு முன் ஜன்னல் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் சரியான படமே இல்லை. கல்யாண ஆல்பத்தில் தேடினேன். 1983-ல் அப்பா ஐந்தடிப் பாதையில் நிற்கிற படத்தில், அவர் தலைக்கு மேலே இரண்டு ஜன்னல்களும் முழுசாகத் தெரிந்தன. அதை வைத்துத்தான் நான்காவது கதவை வரைந்தோம். ஆகவே ஒரு யோசனை: வேலை தொடங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு ஆணியைப் பிடுங்குவதற்கு முன் வீட்டை உள்ளும் புறமும் படமெடுத்துவிடுங்கள். கூரை, பின்சந்து, குழாய் எதையும் விடாதீர்கள்.

கூரைக்குத் தகரம் கிடையாது. மெருகிடாத, இயல்பான மண் நிறத்தில், வி வடிவச் சுட்ட களிமண் ஓடுதான் போட வேண்டும். ஓட்டுக்கு அடியில் நீர் இறங்காத விரிப்பு போட்டுக்கொள்ளலாம், அது வெளியே தெரியாது. பழைய ஓடுகளில் நல்லதைப் பொறுக்கித் தெருப்பக்கச் சரிவில் போட்டு, புதியதைப் பின்பக்கம் போட்டோம். ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கண்ணாடி வைக்க அனுமதி கிடைத்தது, அம்மா அறைக்குக் குளிரூட்டி வேண்டுமே. அதன் வெளிப்பெட்டியை முகப்பில் மாட்ட முடியாது, பின்பக்கம்தான். ஐந்தடிப் பாதைக்குப் பளபளப்பான தரைக்கல் போட ஆசைப்பட்டோம், அதுவும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822-ல் நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று உத்தரவிட்டதிலிருந்து வருகிற வழி அது. நம் வாசல்தான், ஆனால் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் உரியது. அண்டை வீட்டுத் தரையோடு மட்டம் சேர்ந்து, மழையில் வழுக்காமல் இருந்தால் போதும்.

அதிக நாள் பிடித்தது பூச்சுதான். எப்போதோ யாரோ கீழ்ச்சுவரில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், சாயம் கொப்பளித்து உப்புப் பூத்திருந்தது. வருஷா வருஷம் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்துச் செங்கல் மிருதுவானது, தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் காற்றோடு போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட, ஈரம் வழி தேடி மேலே ஏறுகிறது. சிமெண்டை எல்லாம் கொத்தியெடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து மறுபடி பூச வேண்டியிருந்தது. சாயமும் காற்றை விடுகிற வகையாகத்தான் இருக்க வேண்டும்.

பூச வந்த குழுவில் ஒரு தம்பி, காரைக்குடிப் பக்கத்துக்காரர். கலவையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, எங்க ஊரு வீடெல்லாம் இதுதான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்குவாங்க. இங்க வந்து ஆறு வருஷமா சிமெண்டுதான் பூசறேன்" என்றார். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே என் தம்பி அவசரப்படும்போதெல்லாம், "சுண்ணாம்ப விரட்டக் கூடாதுண்ணே" என்று தடுத்தவரும் அவர்தான். சாயத்தைச் சுரண்டியபோது பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வெளிர்நீலம் தெரிந்தது. அந்த நீலத்தையே முகப்புக்கு எடுத்துக்கொண்டோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் கான்ட்ராக்டர் கேட்டதைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. கோயில், பள்ளிவாசல் போன்ற தேசிய நினைவுச்சின்னங்களுக்கு நிதியுதவி உண்டு, எங்களைப்போன்ற தனியார் வீட்டுக்கு அது கிடையாது. தெருவே பார்த்து ரசிக்கிற முகப்புக்கு வீட்டுக்காரர் மட்டும் செலவழிப்பது நியாயமா என்று எனக்கு இன்னமும் கேள்வி உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், சொற்ப வாடகையை வைத்துக்கொண்டு பழுதுபார்க்க முடியாமல் எத்தனை கடைவீடுகள் வீணாயின என்று அப்பா சொல்லுவார். விதி மட்டும் இருந்தால் ஓடு தானாக மாறிவிடாது.

மொத்தம் பதினான்கு மாதம். கடைசியாக ஆய்வுக்கு வந்த அதிகாரி முகப்பில் அதிக நேரம் நிற்கவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய்க் குளிரூட்டிப் பெட்டியையும் குழாய்களையும் பார்த்தார், முற்றத்தில் நின்று மேலே பார்த்தார், படியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். மாடிக்கு வந்தபோது அம்மா எழுந்து, நான்காவது ஜன்னல் கதவைத் திறந்து காட்டி, "இது மட்டும் புதுசு" என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

மிச்சமான எண்பது ஓடுகளைப் பின்கட்டில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். பெரியவர் வீட்டில் சென்ற மாதம் காற்றில் ஆறு ஓடுகள் சரிந்தன. அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தோம்.