விடியற்காலை 3 மணி

ஏற்காட்டில் இந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பை நான் ஏற்ற முதல் மாதமே ஒரு பாட்டி கழிப்பறை வாசலில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ராத்திரி டியூட்டி ஆயாவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "எங்கம்மா போனீங்க?" என்று கேட்டேன். செய்யக் கூடாத காரியம். அதற்கப்புறம் ஒரு வாரம் யாருமே என்னிடம் வாய் திறக்கவில்லை.

பழைய ரிப்போர்ட் நோட்டுகளைப் புரட்டினேன். யார் விழுந்தார், என்ன மருந்து போட்டோம், எல்லாம் இருந்தது. நேரம் மட்டும் பாதி இடங்களில் இல்லை. இருந்த இடங்களில் பெரும்பாலும் விடியற்காலை 3 முதல் 5 வரை. சுமார் 1,500 மீட்டர் உயரத்து மார்கழிக் குளிரில், தூக்கக் கலக்கத்தில்.

ஆயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் சொன்னார்: "நீர் மாத்திரைய ராத்திரி சாப்பாட்டோட குடுக்கறோமுங்க அக்கா. அப்புறம் விடிய விடிய எந்திரிச்சிக்கிட்டேதான இருப்பாங்க?"

நீர் மாத்திரை என்றால் சிறுநீரை அதிகம் பிரியவைப்பது. இரண்டு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்து, முடிந்தவர்களுக்கு மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். கூடவே கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு. வழுக்கும் கம்பளிக் காலுறைக்குப் பதில் ரப்பர் அடிச் செருப்பு. விளக்கையும் செருப்பையும் முதலில் ஒரே அறையில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தோம். திட்டமிடு, சின்னதாகச் செய், பார், திருத்து என்று தர மேலாண்மை நிபுணர் டெமிங் பரப்பிய சுழற்சி இதுதான்.

இப்போது டியூட்டி மாறும்போது 10 நிமிஷம் நின்றபடியே பேசுகிறோம். முதலில் பேசுவது ஆயா. நான் எழுதிக்கொள்கிறேன், நேரத்தோடு.