ஒரு சிவியை அனுப்பிய பிறகு

கல்யாணமாகித் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே ஒரு விளம்பர ஏஜென்சியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். 2015-இல் லோரீஸ் விளம்பர விருது விழா டர்பனில் நடந்தபோது, அங்கே சந்தித்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: நல்ல டிசைனர்களும் விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டர்களும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் கேப் டவுனுக்கும் போய்விடுகிறார்கள், இங்கே ஆள் கிடைப்பதில்லை. அந்த ஆட்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு அறையில் மேசை போட்டு, படைப்புத் துறைக்கு ஆள் தேடித் தரும் வேலையைத் தொடங்கினேன்.

தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒரு பெரிய தப்பு செய்தேன்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு ஆர்ட் டைரக்டர், தான் செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை என்னிடம் கொடுத்திருந்தாள். அருமையான வேலை. இந்தத் தொழிலில் ஒரே இடத்துக்கு மூன்று நான்கு பேர் ஆள் அனுப்புவோம். யார் அனுப்பிய ஆள் சேருகிறாரோ அவருக்குத்தான் பணம். ஒரே ஆளை இரண்டு பேர் அனுப்பியிருந்தால், முதலில் அனுப்பியவருக்கு. அந்த அவசரத்தில் அன்று சாயங்காலமே அவளுடைய சிவியை, அதாவது படிப்பு, வேலை விவரக் குறிப்பை, மூன்று ஏஜென்சிகளுக்கு அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. டர்பன் சின்ன ஊர். அந்த ஏஜென்சிகளில் ஒன்றில் இருந்தவர் அவளுடைய முதலாளியோடு முன்பு வேலை பார்த்தவர். மறுநாள் மதியத்துக்குள் முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். வேலை போகவில்லை. ஆனால் தருவதாகச் சொல்லியிருந்த பதவி உயர்வு போயிற்று.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அக்கா, அண்ணா, தாத்தா என்ற உறவுச் சொற்கள் மட்டும் தமிழில் நிற்கின்றன. அந்த 'அக்கா'தான் எனக்கு அதிகம் வலித்தது. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா டீ கொடுத்தார். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள், பதில் எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த இடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று பெயர் சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அனுப்புவேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பலர் புதிதாகப் படிவங்கள் தயாரித்தார்கள். நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு அப்பா, அனிமேஷன் படித்த மகனை அழைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்து, "எவ்வளவு ஆகும்?" என்றார். இதற்கு முன் யாரோ பதிவுக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள். வேலை தேடுபவரிடம் ஒரு ராண்ட் கூட வாங்கக்கூடாது, 2014-இன் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினேன். ஆள் எடுக்கும் நிறுவனம்தான் எனக்குப் பணம் தரும், வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று. அவர் கவரை உடனே எடுக்கவில்லை. நான் எடுத்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

கிளையன்ட், அதாவது ஆள் எடுக்கும் நிறுவனத்தின் பக்கம் வேறு மாதிரி. அங்கே நம்பிக்கை வர நாளாகும். டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்காவில் ஒரு ஸ்டூடியோ ஒரே வருடத்தில் மூன்றாவது டிசைனரைக் கேட்டது. முன்னால் இருந்த இருவர் ஏன் போனார்கள் என்று கேட்டேன். "அவர்களுக்கு அழுத்தம் தாங்கவில்லை" என்றார் உரிமையாளர். ஒரு நாள் உங்கள் ஸ்டூடியோவில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று அனுமதி வாங்கினேன். பார்த்தது இதுதான்: ஒரு போஸ்டருக்கு நான்கு பேர் தனித்தனியாகத் திருத்தம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றினார். சாயங்காலம் நான்கு மணிக்கு மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ஆளை அனுப்பினாலும் அவரும் போய்விடுவார், இறுதி முடிவு சொல்ல ஒரே ஒருவரை வையுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பத்து நாள் போனை எடுக்கவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார், ஒருவரை நியமித்துவிட்டேன் என்று. நான் அனுப்பிய பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மூன்று மாதத்துக்குள் ஆள் போனால் காசு வாங்காமல் வேறு ஆள் தேடித் தர வேண்டும் என்பது என் ஒப்பந்தம். அதனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள் எனக்கும் லாபம்தான்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. ஒரு ஏஜென்சி, தேர்வு என்ற பெயரில் ஆறு பேரிடம் முழு விளம்பரத் திட்டமே கேட்டது, கூலி இல்லாமல். ஒரு மணி நேர வேலையாகச் சுருக்குங்கள், அல்லது ஒருநாள் கூலி கொடுங்கள் என்றேன். மறுத்தார்கள். விலகிவிட்டேன். அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எனக்கு இன்றுவரை கடினமான வேலை, "கிடைக்கவில்லை" என்று சொல்வது. அன்றைக்கே போனில் சொல்லிவிட வேண்டும். மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023-இல் அட்டவணையைப் பார்த்து, அவர்கள் பகுதியில் கரண்ட் இருக்கும் நேரமாகக் கூப்பிடுவேன், பேச்சு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று. காரணமும் சொல்ல வேண்டும். "எங்கள் சூழலுக்குப் பொருந்தவில்லை" என்று கிளையன்ட் சொன்னால் அதை நான் அப்படியே ஏற்பதில்லை. இந்த நாட்டில் அந்த வார்த்தைக்குப் பின்னால் நிறவெறிக் கால வரலாறு நிறைய இருக்கிறது. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், வேலைக்கு விண்ணப்பிப்பவரையும் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. போர்ட்ஃபோலியோவில் எந்தப் பக்கம் பிடிக்கவில்லை, எந்தக் கேள்விக்கு என்ன பதில் சரியில்லை என்று மறுபடி கேட்பேன். பல நேரம் நல்ல பதில் கிடைக்கும்: "லோகோக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் எழுத்துருக்களில் கவனம் இல்லை." அதைச் சொன்னால் அந்தப் பையன் அன்று வருத்தப்படுவான், அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்புவான்.

போன வருடம் அந்த ஆர்ட் டைரக்டரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறை. சித்தி மகனின் போர்ட்ஃபோலியோ இணைப்பு, கீழே ஒரே வரி: "எங்கே அனுப்பினாலும் முதலில் அவனைக் கேளுங்கள், அக்கா."

அன்று மாலையே அவனுக்குப் போன் போட்டு இரண்டு ஏஜென்சிகளின் பெயரைச் சொன்னேன். ஒன்று வேண்டாம் என்றான். அவனுடைய பழைய மேலாளர் இப்போது அங்கே இருக்கிறாராம். அந்தப் பெயரை அடித்துவிட்டு, மற்றதற்கு மட்டும் அனுப்பினேன்.