71 சென்டிமீட்டர் பைப்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சைலன்சர் வேலை பார்க்கிறவனுக்குப் பாராட்டு அன்றைக்கே கிடைத்துவிடும். புகார் மூன்று நாள் கழித்துத்தான் வரும். புது எக்ஸாஸ்ட் மாட்டி, லிஃப்டிலிருந்து வண்டியை இறக்கியதும் ஓனர் சாவியை எங்களிடம் கொடுத்து "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் நிற்பார். நாங்களும் அங்கேதான் நிற்போம். ஒருவன் ஆக்சிலேட்டரை மிதிப்பான், சத்தம் ஷெட்டையே உலுக்கும், ஓனர் வீடியோ எடுப்பார், டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்புவார். மூன்றாம் நாள் அதே ஆள் ஃபோன் பண்ணுவார்: "அண்ணே, தலை வலிக்குது."

நாகர்கோவில்காரர் ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார். நிசான் 370இசட், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். வீடு ஷார்ஜாவில், ஆபீஸ் அபுதாபியில். தினமும் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள்தான் வாழ்க்கை. சிக்னலில் நிற்கும்போது வண்டி அருமை, மிதித்தால் அதைவிட அருமை. ரேடாருக்குப் பயந்து, மிதிக்காமலே வண்டி ஒரே வேகத்தில் ஓடும்படி மணிக்கு 120 கிலோமீட்டரில் க்ரூஸ் போட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் வினை. "காதுல கேட்கிற சத்தம் மாதிரியே இல்லண்ணே. மண்டைக்குள்ள யாரோ மாவு கிரைண்டரைப் போட்டுவிட்டு மறந்து போயிட்ட மாதிரி இருக்கு."

நான் கோயம்புத்தூர்க்காரன். கிரைண்டர் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இந்த ஊமை இரைச்சலை ஆங்கிலத்தில் ட்ரோன் என்பார்கள். பறக்கும் கேமராவுக்கும் அதே பெயர் என்பதால் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் ஒரு நிமிடம் முழிப்பார்கள். எனக்கென்னவோ நம் ஊர் வார்த்தைதான் இதற்குப் பொருந்துகிறது: ஒத்து. நாகஸ்வரக் கச்சேரியில் ஒருவர் ராகம் வாசிக்க, பக்கத்தில் இன்னொருவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாரே, அது. இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. கோயில் வாசலில் ஒத்து இனிமைதான். அபுதாபி ரோட்டில் ஒன்றரை மணி நேரம் அது மட்டுமே கேட்டால் யாருக்குத் தாங்கும்?

முதல் வைத்தியமாக எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். சத்தம் அதிகம் என்கிறார், அப்படியானால் சத்தத்தைக் குறைப்போம் என்று, இருந்ததைவிடப் பெரிய சைலன்சர் ஒன்றை மாட்டினேன். உள்ளே ஓட்டை போட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிக் கம்பளி அடைத்தது. கண்ணாடிக் கம்பளி கூர்மையான சத்தத்தை நன்றாக விழுங்கும், அடித்தொண்டைச் சத்தத்தை அவ்வளவாகத் தொடாது. வி6 இன்ஜினின் கரகரப்பும் சீறலும் போய்விட்டன. அந்த ஊம் மட்டும் அப்படியே நின்றது. கூடவே இருந்த சத்தமெல்லாம் அடங்கியதால் முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. ராகத்தை நிறுத்திவிட்டு ஒத்தை மட்டும் விட்டுவைத்த மாதிரி ஆகிவிட்டது. நானூறு திர்ஹத்துக்கு வாங்கிய சைலன்சர். அவரிடம் வாங்கவும் முடியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

அப்புறம் டிக்கித் தரையில் தார் மாதிரி ஒட்டும் பியூட்டைல் ஷீட் போட்டோம். தகடு அதிர்வது குறைந்தது, வண்டி எடை கூடியது, ஊம் போகவில்லை. ஹேங்கர் ரப்பர்களைப் பார்த்தேன், பைப் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் எங்கள் உஸ்தாத்தான், அதாவது கடையின் மூத்த மேஸ்திரிதான், கேட்டார். பெஷாவர்க்காரர், இருபது வருஷமாக ஆர்கான் வெல்டிங் அடிக்கிறவர். "நீ அந்த வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறாயா?"

இல்லை. நான் எப்போதும் வண்டிக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவில்காரர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். ஃபோனில் அலைவரிசை காட்டும் ஒரு இலவச ஆப். ஃபோன் மைக் டெசிபல் கணக்கில் பொய் சொல்லலாம், ஆனால் எந்த ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வில், சத்தம் குவிகிறது என்பதைக் காட்ட அது போதும். கடையில் இருந்த டெசிபல் மீட்டரையும் எடுத்துப் போயிருந்தேன். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. மீட்டர் வழக்கமான 'ஏ' அளவையில் இருந்தது. அந்த அளவை 125 ஹெர்ட்ஸ் பக்கம் 16 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அவருடைய தலைவலியைத்தான் அந்த மீட்டர் கழித்துக்கொண்டிருந்தது.

120இல் க்ரூஸ் போட்டதும் ஃபோன் திரையில் ஒரே ஒரு கம்பம் எழுந்து நின்றது. 122 ஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் அதன் காலடியில் புல் மாதிரி. வேகம் 105க்கு இறங்கினால் கம்பம் சரிந்தது, காதும் விட்டுக்கொடுத்தது. மறுபடி 120, மறுபடி கம்பம்.

கணக்கு ஒன்றும் மர்மமில்லை. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆறு சிலிண்டர் என்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று தடவை பற்றும். இந்த வண்டி டாப் கியரில் 120 வேகத்தில் சுமார் 2,440 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. நொடிக்கு 40 சுற்றும் கொஞ்சமும். மூன்றால் பெருக்கினால் 122. இன்ஜின் அந்த ஒரு சுரத்தைத்தான் பைப்பில் ஊதுகிறது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. இது இரண்டு சீட் வண்டி. சீட்டுக்குப் பின்னால் டிக்கிக்குத் தடுப்பு கிடையாது, எல்லாம் ஒரே கூடு. கூட்டுக்குள் இருக்கிற காற்றுக்கும் ஒரு சுருதி உண்டு. ஒன்றரை மீட்டர் நீளக் காற்று என்றால் 115 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். எக்ஸாஸ்ட் 122இல் ஊத, கூடும் கூடவே சேர்ந்து ஒத்து ஊதுகிறது. ஊரில் மேலதிகாரிக்கு ஒத்து ஊதுகிறவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டே, அதே கதைதான். மேலே இருக்கிறவர் மெதுவாகச் சொன்னால் இவன் பத்து மடங்காகச் சொல்வான். கம்பெனிக்காரன் அடியில் அவ்வளவு பெரிய சைலன்சர் பெட்டியைத் தொங்கவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நாங்கள் அதை "எடை ஜாஸ்தி" என்று கழற்றி மூலையில் போட்டிருந்தோம்.

ஒரு சுரம்தான் எதிரி என்றால் அந்த ஒரு சுரத்தை மட்டும் அடக்கினால் போதும். அதற்கு ஒரு வழி உண்டு. மெயின் பைப்பின் பக்கவாட்டில் ஒரு கிளைப் பைப் வைத்து, அதன் மறுமுனையை மூடிவிட வேண்டும். சத்தம் கிளைக்குள் போய், மூடிய முனையில் முட்டி, திரும்பி வரும். கிளையின் நீளம் அலை நீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை மெயின் பைப்பில் வருவதற்கு நேர் எதிராக நின்று அதை அழித்துவிடும். வாயு ஓட்டத்துக்குத் தடையில்லை. மற்ற சுரங்களுக்கும் பெரிய சேதமில்லை, மிதித்தால் வரும் அந்த உறுமல் அப்படியே இருக்கும்.

நீளத்துக்கும் சுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது குழாயடியில் குடம் பிடித்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் ஏற ஏற, குடத்துக்குள் காற்று குறையக் குறைய, சத்தம் மேலே போகும். திரும்பிப் பார்க்காமலேயே குடம் நிறைந்தது தெரிந்துவிடும். நீளம் குறைந்தால் சுரம் ஏறும், கூடினால் இறங்கும்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டர், வகுத்தல் நாலு, வகுத்தல் 122. வந்தது 71 சென்டிமீட்டர். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ், இரண்டரை இன்ச் பைப். இரண்டு பக்கப் பைப்பும் ஒய் மாதிரி சேரும் இடத்துக்குப் பின்னால் துளை போட்டு, ஜே எழுத்து மாதிரி வளைத்துப் பாடிக்கு அடியில் இணையாக ஓடவிட்டு, முனையில் மூடி வைத்து உஸ்தாத் அழகாக வெல்ட் அடித்தார். பற்று போட்ட இடம் அடுக்கி வைத்த நாணயம் மாதிரி இருந்தது. நான் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஃபோன். "அண்ணே, ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. 140ல போனா வண்டி கோயில் மாதிரி இருக்கு. 120ல அதே கிரைண்டர்."

140இல் அமைதி! மாசம் ஒரு ஃபைன் இலவசம்.

வண்டி வந்து லிஃப்டில் ஏறியதும் உஸ்தாத் அந்தப் பைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருதுவில் கேட்டதன் சாரம் இது: "நீ போட்ட கணக்கு ஏசி ரூம் காற்றுக்கா, சைலன்சருக்குள் இருக்கிற காற்றுக்கா?"

படித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் தேர்வும் எழுதியிருக்கிறேன்: சூடு ஏறினால் ஒலியின் வேகம் ஏறும். 200 டிகிரி வாயுவில் அது நொடிக்கு 436 மீட்டர். நான் 25 டிகிரிக்குப் பைப் வெட்டியிருந்தேன். வேகம் கூடியதால் என் 71 சென்டிமீட்டர் பைப் 122ஐ விட்டுவிட்டு இன்னும் மேலே இருக்கிற ஒரு சுரத்தை அடக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுரம் இன்ஜினில் வருவது 140 வேகத்தில்.

சரி, சூட்டை அளந்துவிடுவோம் என்று லேசர் தெர்மாமீட்டரை நீட்டினேன். பளபள ஸ்டெயின்லெஸ்ஸில் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும், மிகவும் குறைத்துக் காட்டும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டை ஒரு திட்டு அடித்து, அதில் குறிவைத்தால்தான் நம்பலாம். அப்படி அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. கிளையின் வாய்ப் பக்கம் கொதிக்கிறது, மூடிய முனை அதைவிட எவ்வளவோ ஆறியிருக்கிறது. உள்ளே வாயு ஓடுவதில்லை, தேங்கி நிற்கிறது, அடியில் காற்றுவேறு அடித்துக்கொண்டே போகிறது. ஆக மெயின் பைப்பின் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டாலும் தப்புதான், அப்போது நீளம் கூடிப்போகும். விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

கால்குலேட்டரை உள்ளே வைத்தேன். ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப் சறுக்குகிற மாதிரி கிளையைச் செய்து, கிளாம்ப் போட்டு இறுக்கினோம். முதலில் 78இல் நிறுத்தி ஒரு ஓட்டம். பிறகு ரோட்டோரம் ஒதுக்கி, கையுறை போட்டு, ஸ்பானரால் தளர்த்தி, 81. பிறகு 84. ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிடமாவது ஓட்டி உள்ளே சூடு நிலைத்த பிறகுதான் பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் பழையபடி ஏசி ரூம் கணக்குத்தான். 84இல் 120 தொட்டபோது கம்பம் எழவில்லை. புல் மட்டும் இருந்தது. நாகர்கோவில்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். மெதுவான வால்யூமில் போட்டார்.

எல்லா வண்டியும் இப்படி முடிந்துவிடவில்லை. ஒரு மஸ்டாங் ஜிடியில் நீளம் சரியாகக் கண்டுபிடித்தும் பலன் சுத்தமாக இல்லை. இடம் இருக்கிறதே என்று கிளையை வால் முனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பைப் வெளிக்காற்றில் திறக்கும் இடத்தில் அழுத்தம் அநேகமாகப் பூஜ்யம், அங்கே அழிக்க ஒன்றுமே இல்லை. முன்னால் கொண்டுபோய் வைத்ததும் வேலை செய்தது. ஆனால் பெட்ரோல் டேங்க் பக்கம் பைப் நெருங்காமல் வளைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

5.7 லிட்டர் ஹெமி இன்ஜின் போட்ட சாலஞ்சர் இன்னொரு தலைவலி. ஆட்டோமேட்டிக் மாடல் நிதானமாகப் போகும்போது எரிபொருளை மிச்சப்படுத்த எட்டில் நாலு சிலிண்டரை நிறுத்திவிடும். 1,800 ஆர்.பி.எம்.மில் 120 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 60 வரும். சுரம் பாதியானால் பைப் இரண்டு மடங்கு. ஒன்றே முக்கால் மீட்டர் கிளையை அந்த வண்டிக்கு அடியில் எங்கே ஒளிப்பது? நடுவில் இருந்த கம்பெனி ரெசனேட்டரை, அதாவது இந்த ஊமைச் சத்தத்தை அடக்கும் பெட்டியை, திரும்ப மாட்டிக்கொடுத்து, "இதை மட்டும் கழற்றாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான். ஆனால் முடியாததை முடியும் என்று சொல்லிக் காசு வாங்குவதைவிட அது மேல்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிளைப் பைப் வண்டிக்குள் இருக்கிறவருக்குத்தான் மருந்து, தெருவில் இருக்கிறவருக்கு இல்லை. இங்கே இரைச்சல் வண்டிக்கு 2,000 திர்ஹம் ஃபைன், லைசென்சில் 12 கரும்புள்ளி. "உள்ளே அமைதியா இருக்கே, போலீஸ் பிடிக்காதுல்ல?" என்று கேட்கிறவர்களுக்கு, போலீஸ் நிற்பது வெளியே என்று பதில் சொல்லி அலுத்துவிட்டது.

இப்போது புகார் வந்தால் வண்டியை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: எந்த வேகத்தில், எந்த கியரில், ஆர்.பி.எம். எவ்வளவு? பாதிப் பேருக்குத் தெரியாது, சத்தம் பற்றி மட்டும் சொல்வார்கள். ஒருவர் வாயாலேயே ஊதிக் காட்டுவார், இன்னொருவர் பம்ப்செட் மாதிரி என்பார். அப்போது ரேக்கில் கிடக்கும் அந்தப் பழைய 71 சென்டிமீட்டர் பைப்பை எடுப்பேன். வண்டியில் தோற்றுப்போன பைப், ஆனால் ஆபீஸ் ரூம் ஏசி காற்றில் அதன் கணக்கு சரிதான். திறந்த வாயை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி சட்டென்று எடுத்தால் 'தும்' என்று 122க்குப் பக்கத்தில் ஒரு சத்தம் வரும்.

"இதுவா, இதைவிடக் கீழேயா?"

போன வாரம் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை தட்டச் சொன்னார்.